தாத்தா ஏன் சும்மா உட்கார்ந்திருந்தார்?

போன மே மாதம் பெங்களூரிலிருந்து மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். பேரனுக்குப் பதிமூன்று வயது. ஒரு நாள் சாயங்காலம் வாக்கிங் முடித்து வீட்டுக்குள் நுழைந்தால், பையன் கூடத்து மூலையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறான். சாவு வீட்டில் அழுவதுபோல் தோள் குலுங்க அழுகை. பயந்துவிட்டேன். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று எட்டிப் பார்த்தால், ஓடிக்கொண்டிருப்பது ஒரு ஜப்பான் கார்ட்டூன்.

"இன்னாடா ஆச்சு?" என்றேன்.

"ஏஸ் செத்துட்டான் தாத்தா" என்றான்.

அன்று ராத்திரி அவன் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாளும் முகம் தெளியவில்லை. மருமகள் என்னிடம் வந்தாள். "மாமா, நீங்க சொன்னாத்தான் கேப்பான். ஒரு பொம்மைப் படத்துக்காக ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிட்டிருக்கான். பூரா சண்டை, ரத்தம், சாவு. இந்த வயசுல இது தேவையா? லேப்டாப்பப் பிடுங்கி உள்ள வச்சிடலாம்னு இருக்கேன்."

அவள் சொன்னதில் தப்பில்லை. பெற்றவளுக்கு அந்தக் கவலை இருக்கத்தான் செய்யும். நான் ஒரு நாள் அவகாசம் கேட்டேன். "நானும் அதப் பாத்துட்டுச் சொல்றேம்மா" என்றேன். ரிட்டயர் ஆனவனுக்கு வேறு என்ன வேலை? ஒரு நாள் என்று கேட்டது பத்து நாளாயிற்று. பார்த்து முடித்ததும் மனதில் பட்டதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நம் வயதுக்காரர்களுக்காகச் சில விவரங்கள். தொடரின் பெயர் 'ஒன் பீஸ்'. எய்ச்சிரோ ஓடா என்ற ஜப்பானியர் 1997 ஜூலையில் ஒரு வாரப் பத்திரிகையில் சித்திரக் கதையாக ஆரம்பித்தார். முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி படித்தவர்களுக்கு இந்த வகைக் கதை புதிதல்ல. 1999 அக்டோபரில் அது தொலைக்காட்சித் தொடரானது. ஆயிரத்து நூறு பகுதிகளைத் தாண்டியும் கதை முடியவில்லை. நம் வீட்டில் ஓடும் சீரியல்கள் எல்லாம் இதனிடம் பிச்சை வாங்க வேண்டும். புத்தகமாக உலகம் முழுக்க 50 கோடிப் பிரதிகளுக்கு மேல் போயிருக்கிறது. கதாநாயகனான பையனுக்கு ஆரம்பத்திலிருந்து குரல் கொடுத்து வருபவர் மயூமி தனாகா என்ற பெண்மணி. 1955-ல் பிறந்தவர். என்னைவிட இரண்டு வயதுதான் இளையவர். இதைக் கேட்டதும் எனக்கு அந்தத் தொடர்மீது ஒரு மரியாதை வந்துவிட்டது.

கதை கடற்கொள்ளையர் கதை. லுஃபி என்ற பையன், ரப்பர்போல் நீளும் உடம்பு, தலையில் வைக்கோல் தொப்பி. கொள்ளையர்களின் ராஜா ஒளித்து வைத்துவிட்டுப்போன புதையலைத் தேடிக் கப்பலேறுகிறான். அவனுக்கு ஓர் அண்ணன், ஏஸ். கூடப் பிறந்தவன் இல்லை. சின்ன வயதில் ஒரே மலையடிவாரத்தில் வளர்ந்து, கிண்ணத்தில் சாராயம் ஊற்றிக் குடித்து அண்ணன் தம்பி என்று சத்தியம் செய்துகொண்டவர்கள். ஏஸின் உண்மையான அப்பா அந்தக் கொள்ளையர் ராஜாதான். அரசாங்கம் அவன் தலையை ஊரறிய வெட்டுவதென்று முடிவு செய்கிறது. இடம் மரைன்ஃபோர்ட் என்கிற கடற்படைத் தலைமையகம். ஒரு லட்சம் வீரர்கள் காவல். ஏஸை மீட்க இரண்டு பக்கம் ஆட்கள் வருகிறார்கள். ஒருவர் அவனுடைய கப்பல் தலைவர், வெள்ளை மீசை வைத்த கிழவர், என் வயதுதான், எழுபத்திரண்டு. உடம்பெல்லாம் நோய், மூக்கிலும் கையிலும் குழாய் செருகியிருந்த மனிதர், தன் கப்பலில் இருக்கிற அத்தனை பேரையும் மகன் என்று கூப்பிடுகிறவர். இன்னொருவன் தம்பி லுஃபி. இந்தப் போர் முப்பது பகுதிகளுக்கு மேல் நீள்கிறது. இதில் 483-வது பகுதியில் ஏஸ் செத்துப்போகிறான். ஜப்பானில் அது 2011 ஜனவரியில் ஒளிபரப்பானது.

மீட்க முடியாமல் சாகவில்லை, அதுதான் கொடுமை. தம்பி எப்படியோ மேடைவரை வந்து சங்கிலியை அவிழ்த்துவிடுகிறான். இருவரும் தோளோடு தோள் சேர்ந்து சண்டை போட்டபடி ஓடி வருகிறார்கள். பார்க்கிற நமக்கு மூச்சு திரும்ப வருகிறது. அந்த நேரத்தில் கடற்படைத் தளபதி ஒருவன், அகாய்னு என்று பெயர், எரிமலைக் குழம்பே அவன் கை, ஏஸின் தலைவரை இழிவாகப் பேசுகிறான். ஏஸ் நின்றுவிடுகிறான், திரும்பிவிடுகிறான். தளபதி தம்பியைக் குறிவைத்துக் கையை ஓங்க, அண்ணன் குறுக்கே பாய்ந்து தன் உடம்பில் வாங்கிக்கொள்கிறான். தம்பியின் தோளில் சாய்ந்தபடி, தன்மேல் அன்பு வைத்தவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லிவிட்டு விழுகிறான். சற்று நேரத்தில் வெள்ளை மீசைக்காரரும் சாகிறார், நின்றபடியே. முதுகில் ஒரு காயம் இல்லை என்று கதை சொல்கிறது. புறநானூற்றுத் தாய் பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பேரன் அழுததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. எனக்கே தொண்டை அடைத்தது. ஆனால் என் கண் போனது வேறோர் ஆள்மேல்.

கார்ப் என்று ஒரு கிழவர், எழுபத்தாறு வயது, கடற்படையில் பெரிய வீரர். லுஃபிக்குச் சொந்தத் தாத்தா. ஏஸைக் கைக்குழந்தையாகக் கொண்டுவந்து, மலைக் கொள்ளைக்காரி ஒருத்தியிடம் ஒப்படைத்து வளர்க்கச் சொன்னவரும் இவர்தான். இரண்டு பையன்களும் கடற்படையில் சேர வேண்டும் என்று ஆசைப்பட்டார். இரண்டு பேரும் கொள்ளைக்காரர்கள் ஆனார்கள். இப்போது தலை வெட்டப்போகும் மேடையில் ஏஸுக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கிறார். நான் சொன்னபடி நீ ஏன் வாழவில்லை என்று கேட்டு அழுகிறார். உட்கார்ந்தபடியே அழுகிறார். பிறகு லுஃபி மேடையை நோக்கி ஓடி வரும்போது குறுக்கே நிற்கிறார். என்னைத் தாண்டித்தான் போகணும் என்கிறார். பேரனும் கையை ஓங்குகிறான். கடைசி நொடியில் கிழவர் கண்ணை மூடிக்கொண்டு அடியை வாங்கிக் கீழே விழுகிறார். ஏஸ் செத்த பிறகு, கொன்றவனை நோக்கிப் பாயப் போனவரை அவருடைய பழைய தோழரான தலைமைத் தளபதி தரையோடு அமுக்கிப் பிடிக்கிறார். அப்படியே பிடித்துக்கொள், விட்டால் அவனைக் கொன்றுவிடுவேன் என்கிறார் கிழவர்.

பேரன் என்னைக் கேட்டான்: "தாத்தா, கார்ப் நெனச்சிருந்தா ஏஸக் காப்பாத்தியிருக்கலாம் இல்ல? பக்கத்துலயே உக்காந்திருந்தாரே. ஏன் சும்மா உக்காந்திருந்தாரு?"

அதற்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. சொல்ல வராமல் எனக்கு ஞாபகம் வந்தது படுகளம்.

என் அம்மா பிறந்த ஊர் ஆரணிப் பக்கம். அங்கே திரௌபதி அம்மன் கோயிலில் அக்னி வசந்த விழா நடக்கும். நம் வேலூர், ஆற்காடு, ஆரணி வட்டாரத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிற்பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. வில்லிபாரதத்தை வைத்துப் பிரசங்கியார் ஒருவர் நாளொரு பகுதியாகச் சொல்லிக்கொண்டே வருவார். கூத்தில் துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு, கர்ண மோட்சம் என்று ஒவ்வொரு ராத்திரியும் ஒன்று. கடைசியில் பதினெட்டாம் போர். விடிய விடிய ஆடி, காலையில் படுகளம். கோயில் முன்னால் துரியோதனனை மண்ணால் செய்து மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது, 1962. தலையிலிருந்து கால்வரை நான் ஓடிப் பார்த்திருக்கிறேன், மூச்சு வாங்கும், அவ்வளவு பெரிய உருவம். பீமன் வேடக்காரர் அதன்மேல் ஏறி ஓடித் துடையில் அடிப்பார். உள்ளே புதைத்து வைத்த சட்டியிலிருந்து சிவப்புத் தண்ணீர் பீறிடும். திரௌபதி கூந்தல் முடிப்பாள். சாயங்காலம் தீமிதி.

எங்களைப் போன்ற சின்னப் பிள்ளைகளை எங்கே உட்கார வைத்தார்கள் தெரியுமா? முன் வரிசையில். தூங்கினால் தட்டி எழுப்புவார்கள். "எழுந்திருடா, சண்டை வந்துடுச்சு" என்று பாட்டி எழுப்பியது இன்னும் காதில் இருக்கிறது. எந்தத் தாயும் அன்றைக்கு, பிள்ளை ரத்தம் பார்க்கிறானே என்று கண்ணைப் பொத்தவில்லை. துரியோதனன் விழுந்ததும் பெண்கள் கை தட்டவில்லை, ஒப்பாரி வைத்தார்கள். பதினெட்டு நாளாகத் திட்டித் தீர்த்த அதே பெண்கள்! அவன் பெண்டாட்டி வேடக்காரர் மாரில் அடித்துக்கொண்டு அழுதபோது என் பாட்டியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "ஏன் பாட்டி அழற, அவன் கெட்டவன்தானே?" என்று கேட்டேன். "கெட்டவன்தான். அதுக்கு? அவளுக்குப் புருஷன்டா" என்றாள்.

அன்று நானும் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா பிற்காலத்தில் சொல்லியிருக்கிறாள்.

நம் ஆம்பூரிலேயே நிஜமான ஒரு யுத்தம் நடந்திருக்கிறது. 1749 ஆகஸ்ட் 3-ம் தேதி. ஆற்காட்டு நவாப் அன்வாருதீன் கான் ஒரு பக்கம். சந்தா சாகிப், முசாபர் ஜங், அவர்களுக்குத் துணையாகப் பிரெஞ்சுப் படை இன்னொரு பக்கம். முதிர்ந்த வயதில் நவாப் யானைமேல் இருந்தபடி சுடப்பட்டு இறந்தார். ஒரு மகன் பிடிபட்டார். இன்னொரு மகன் முகமது அலி திருச்சிக்குத் தப்பிப் போனார். இதிலும் வயதான அப்பா, பிள்ளைகள், சாவு எல்லாம் இருக்கிறது. இந்தியாவின் தலையெழுத்தையே மாற்றிய போர்களில் ஒன்று என்று சரித்திரம் படித்தவர்கள் சொல்வார்கள். ஆனால் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் நின்று கேட்டுப் பாருங்கள், பத்துப் பேரில் ஒருவருக்குத் தெரிந்தால் அதிகம். அதற்காக அழுதவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

நடந்த சண்டைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, நடக்காத சண்டைக்கு இரண்டு நாள் பட்டினி. காரணம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பாரதக் கூத்தில் கடைசிச் சண்டைக்கு முன்னால் அத்தனை நாள் அந்த ஆட்களோடு நாம் வாழ்ந்துவிடுகிறோம். அந்த ஜப்பான் கதையிலும் ஏஸ் முதன்முதலில் வந்து தலையைக் காட்டி, சாவதற்குள் ஒன்பது பத்து வருடம் ஓடிவிட்டது. அதை வாராவாரம் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது கார்ட்டூன் சாவு இல்லை, வீட்டுச் சாவு. பேரன் நானூற்றுச் சொச்சம் பகுதிகளையும் ஒன்று விடாமல் பார்த்துவிட்டு அந்த இடத்துக்கு வந்தவன். அவன் அழாவிட்டால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

மருமகளிடம் இதைத்தான் சொன்னேன். சண்டையை மட்டும் வெட்டி எடுத்து ஐந்து நிமிடம் பார்க்கிறார்களே போனில், அதைத் தடுத்தால் நியாயம் இருக்கிறது. அதில் அடி மட்டும்தான் இருக்கும், ஆள் இருக்கமாட்டான். முழுக் கதையோடு வருகிற சண்டை பிள்ளைகளைக் கெடுக்காது. கூட ஒரு பெரியவர் உட்கார வேண்டும், அவ்வளவுதான். என் பாட்டி உட்கார்ந்ததுபோல.

அவள் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. "சரி மாமா, அப்ப நீங்களே உக்காருங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல கூடாது" என்றாள். அதுவும் நியாயம்தான்.

உட்கார்ந்தேன். ஆனால் உட்கார்ந்த பெரியவர், பிள்ளை கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே! தாத்தா ஏன் சும்மா உட்கார்ந்திருந்தார்?

பீஷ்மரைக் காட்டித்தான் ஆரம்பித்தேன். அவரும் தாத்தாதான், இரண்டு பக்கத்துக்கும். மனசு பாண்டவர்கள் பக்கம், வில் கௌரவர்கள் பக்கம். சோறு போட்டவனுக்காக நிற்கிறேன் என்பது அவர் சொன்ன காரணம். கர்ணனுக்கும் அதே காரணம். 1964-ல் சிவாஜி கர்ணனாக நடித்த படத்தைப் பார்த்துவிட்டு நாமெல்லாம் செஞ்சோற்றுக் கடனை நினைத்து உருகியிருக்கிறோம். பிரசங்கியார் பீஷ்மரைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் குரல் தழுதழுக்கும். என் பாட்டி மட்டும் உருகமாட்டாள். துகிலுரியும் சபையில் பெரியவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள் என்று அவர் சொன்னபோது, பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தாள்: "கெழவனுக்கு வாய் இல்லியா?"

ஒரு விஷயத்தில் பீஷ்மரை நான் மன்னிப்பேன். தன்னை எப்படி வீழ்த்துவது என்று பாண்டவர்கள் வந்து கேட்டபோது வழியைச் சொல்லிக் கொடுத்தார். சிகண்டியை முன்னால் நிறுத்தச் சொன்னார். பத்தாம் நாள் அம்புப் படுக்கையில் விழுந்தார். எந்தப் பக்கம் நின்றாலும், தன்னிடம் இருந்த உண்மையைக் கொடுத்துவிட்டார். கார்ப் அதைக்கூடச் செய்யவில்லை. மேடையில் அழுதார், வழியில் நின்றார், அடியை வாங்கிக்கொண்டார், கடைசியில் என்னைப் பிடித்துக்கொள் என்றார். வேலையையும் முழுசாகச் செய்யவில்லை, தாத்தாவாகவும் முழுசாக நிற்கவில்லை. போர் முடிந்து அவர் ஊருக்குத் திரும்பிப்போனபோது, ஏஸை வளர்த்த அந்த மலைக் கொள்ளைக்காரி தடியால் அவரை வெளுத்து வாங்குகிறாள். நீ அங்கேதானே இருந்தாய், ஏன் காப்பாற்றவில்லை என்று. கிழவர் கையைக்கூடத் தூக்காமல் வாங்கிக்கொள்கிறார். அந்த இடத்தைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். இதுவரை இங்கே எழுதாத விஷயம்.

எங்கள் நிலம் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில், பாலாற்றங்கரையில். அப்பாவுக்குப் பிறகு அண்ணன் பார்த்துக்கொண்டார். நெல், கொஞ்சம் கரும்பு, வரப்போரம் தென்னை. நான் 1975-ல் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதச் சேர்ந்தேன். 2011-ல் ரிட்டயர் ஆகும்வரை வேறு எங்கும் போகவில்லை. வீடு கட்டியதும் மகனை இன்ஜினியரிங் படிக்க வைத்ததும் அந்தச் சம்பளத்தில்தான். இந்த வட்டாரத்தில் பாதி வீடுகளின் கதை இதுதான், மறக்கமாட்டேன்.

எண்பதுகளின் கடைசியில் அண்ணன் கிணற்றுத் தண்ணீர் கரிக்க ஆரம்பித்தது. வயல் காய்ந்தால் மேலே வெள்ளையாக உப்புப் பூக்கும். தென்னை மட்டை நுனியிலிருந்து கருகும். தோல் வேலை தெரிந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டுத்தான் வரும். இங்கே ஊற வைத்து அலசினால் அத்தனை உப்பும் தண்ணீரில். பிறகு பதப்படுத்தவும் உப்பு வேண்டும். கழிவுத் தண்ணீர் அந்தக் காலத்தில் ஓடைக்கும் ஏரிக்கும் ஆற்றுக்கும் போனது. எத்தனை மூட்டை உப்பு வாங்கினோம் என்று பேரேட்டில் எழுதியது என் கை.

1992 என்று நினைவு. அண்ணனும் பத்துப் பதினைந்து விவசாயிகளும் கம்பெனி கேட்டுக்கு வந்தார்கள். அண்ணன் கையில் ஒரு பாட்டில், கிணற்றுத் தண்ணீர். மேனேஜர் உள்ளேதான் இருந்தார். "உங்க ஊர் ஆளுங்கதானே, நீங்களே பேசி அனுப்பிடுங்க" என்றார். நான் வெளியே போய், மேனேஜர் ஊரில் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று சொன்னேன். அண்ணன் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பாட்டிலை நீட்டி, "குடிச்சுப் பாருடா" என்றார். நான் வாங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் ராத்திரி வீட்டுக்கு வந்தார். "கோர்ட்டுல கேஸ் நடக்குது. எவ்வளவு உப்பு எறக்கறாங்கன்ற கணக்கு உன் கைலதான இருக்கு? அத மட்டும் சொல்லு. நீ சொன்னேன்னு சொல்ல மாட்டேன்" என்றார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்ற பழமொழியை அன்று அவரிடம் சொன்னேன். சொன்ன வாயை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அவர் வயலில் பூத்திருந்ததும் அதே உப்புதானே!

நான் சொல்லாததால் கேஸ் நின்றுவிடவில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்றது. தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம், சுத்திகரிப்பு நிலையம் கட்டாயம், இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் என்று உத்தரவிட்டது. சட்டம் படிக்கிற பிள்ளைகள் நாடு முழுக்க இந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். தோல் பட்டையில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பாதியோ முழுதுமோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அதற்குள் அண்ணன் தென்னை முழுக்கப் போயிருந்தது. 2009-ல் அவரும் போய்விட்டார். நல்லது கெட்டதுக்குப் பேசிக்கொண்டுதான் இருந்தோம். அந்தப் பாட்டிலைப் பற்றி மட்டும் இருவரும் பேசியதில்லை. இன்றும் அண்ணி வீட்டுக்குப் போனால் கேன் தண்ணீர்தான் தருவாள்.

இதைப் பேரனிடம் சொன்னேன். மொட்டை மாடியில், மறைக்காமல். கார்ப் ஏன் சும்மா உட்கார்ந்திருந்தார் என்று கேட்டாயே, எனக்குத் தெரிந்த பதில் இது என்றேன். பயம் கொஞ்சம். நன்றி கொஞ்சம். நாளைக்குச் சம்பளம் வேண்டுமே என்ற கணக்கு கொஞ்சம். இதெல்லாம் சேர்ந்து உட்கார வைத்துவிடும், அழவும் வைக்கும், எழுந்திருக்க விடாது. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் செய்தது சரியும் இல்லை. பிரசங்கியார் தழுதழுத்ததுபோல் நான் அவருக்காக உருக முடியாது. என் பாட்டி பக்கம்தான் நான்.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: "பெரிய தாத்தா உங்கள அடிச்சாரா?"

"இல்லடா."

"அடிச்சிருக்கலாம்" என்றான்.

ஆமாம் என்றேன். அடித்திருந்தால் அந்தக் கொள்ளைக்காரியிடம் வாங்கியதுபோல் வாங்கிக்கொண்டிருப்பேன், கணக்கும் கொஞ்சம் தீர்ந்திருக்கும்.

என் வயதுத் தாத்தா பாட்டிகளுக்கு ஒன்று சொல்ல ஆசை. பிள்ளைகள் பார்க்கும் சண்டைக் கதையைப் பொம்மைப் படம் என்று தள்ளாதீர்கள். யார் ஜெயிப்பார் என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அந்தக் களத்தில் பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்று கூட உட்கார்ந்து கேளுங்கள். அப்படிக் கேட்டால் அவர்கள் திரும்பி நம்மைக் கேட்பார்கள், அதற்குத் தயாராக இருக்க வேண்டும். எனக்கு அது முப்பது வருடம் கழித்து வந்தது. அண்ணனிடம் சொல்ல முடியாததைப் பேரனிடமாவது சொல்ல முடிந்தது.

அடுத்த விழாவுக்கு அவனை ஆரணிப் பக்கம் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். படுகளம் விடியற்காலை, மருமகளின் பத்து மணிச் சட்டத்துக்கு அன்று ஒரு நாள் மட்டும் விலக்கு வாங்க வேண்டும். போகிற வழியில் அண்ணி வீட்டிலும் இறங்குவோம். கிணறு இன்னும் இருக்கிறது. அவன் பார்க்க வேண்டுமாம்.